பிடிக்கும் சுவர், விடும் சுவர்: சாப்பரோன் புரதம் உருமாறுவதைப் புரிந்துகொள்ளவும் ஆய்வகத்தில் செய்து பார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பரோன் புரதம் மற்றப் புரதங்களை "மடித்துக் கொடுக்கிறது" என்று வகுப்புக் குறிப்புகளில் எழுதுவது வழக்கம். பின்னால் வரும் குழப்பத்தில் பாதிக்கு அந்தச் சொற்றொடரே காரணம். எந்தப் புரதம் எந்த உருவத்துக்கு வர வேண்டும் என்பது சாப்பரோனுக்குத் தெரியாது. அந்தச் செய்தி புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது. 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸை முழுதாக அவிழ்த்துவிட்டு, அது தானாகவே பழைய உருவத்துக்குத் திரும்புவதைக் காட்டிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சாப்பரோன் செய்வது வேறு வேலை. அது தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. ஒட்டிப் பிடித்த சுவர், சில நொடிகளில் ஒட்டாத சுவராகிறது. மடிவது உள்ளே இருக்கும் புரதத்தின் பொறுப்பு.

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜொஹானஸ்பர்க் பக்கத்தில் ஆனர்ஸ் ஆண்டிலோ மாஸ்டர்ஸிலோ உயிர்வேதியியல் படிக்கிறவர்கள், தமிழில் யோசித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று நினைக்கிறவர்கள், இதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். முதல் பாதி கருத்து, இரண்டாம் பாதி செய்முறை. நேரே செய்முறைக்குப் போக வேண்டாம். அங்கே வரும் ஒவ்வொரு குழாயும் முதல் பாதியில் வரும் ஒரு கட்டத்தைத்தான் சோதிக்கிறது.

பெயர்களைப் பற்றி இரண்டு வார்த்தை

சாப்பரோன் என்ற சொல்லை 1978இல் ரான் லாஸ்கி நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதத்துக்குப் பயன்படுத்தினார். 1987இல் ஜான் எல்லிஸ் அதை ஒரு புரத இனத்துக்கே பொதுப்பெயராக்கினார். தமிழில் "தோழிப் புரதம்" என்று வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அகப்பாடல்களில் தோழி சேர்த்து வைப்பவள். சாப்பரோனோ சேரக்கூடாத சேர்க்கையைத் தடுப்பது. அந்தக் கணக்கில் செவிலித்தாய்தான் பொருத்தம். இங்கே சாப்பரோன் என்றே எழுதுகிறோம்.

இன்னொரு சிக்கல்: செல்லின் எரிபொருளான அடினோசின் ட்ரைபாஸ்பேட், அது உடைந்தபின் மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட் இரண்டின் சுருக்கமும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே வந்து நிற்கும். இந்தப் பரிசோதனையில் இரண்டையும் மாற்றிப் போட்டால் எல்லாம் வீண். அதனால் ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்று முழுதாகவே எழுதுகிறோம். உங்கள் குழாய்களின் மேலும் அப்படியே எழுதுங்கள்.

ஏன் துணை வேண்டியிருக்கிறது

முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாவதைப் பாருங்கள். சூட்டில் புரதங்கள் அவிழ்கின்றன. உள்ளே மறைந்திருந்த நீர்வெறுக்கும் பகுதிகள் வெளியே வருகின்றன. பக்கத்துப் புரதத்திலும் அதே நிலை. இரண்டும் தண்ணீரைத் தவிர்க்க ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பிறகு ஆறவைத்தாலும் முட்டை பழையபடி ஆகாது, ஏனென்றால் சிக்கு பிரியாது. அன்ஃபின்சனின் குழாயில் புரதம் நீர்த்த நிலையில் இருந்தது, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. ஈ. கோலை பாக்டீரியாவின் உள்ளே ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் புரதம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே மடிவதற்கும் திரள்வதற்கும் இடையே ஓட்டப்பந்தயம். சாப்பரோன் இல்லாவிட்டால் பல புரதங்களுக்குத் திரள்வதே முந்திக்கொள்ளும்.

அடியோடு அடி ஒட்டிய இரண்டு செம்புகள்

உருமாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ஈ. கோலையின் க்ரோஈஎல் என்ற சாப்பரோன். நம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் எச்எஸ்பி60 இதன் உறவுக்காரன். ஒரே மாதிரியான 14 துணையலகுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 57 கிலோடால்டன், மொத்தம் சுமார் 800 கிலோடால்டன். ஏழு ஏழாக இரண்டு வளையங்கள். இரண்டு செம்புகளை அடியோடு அடி ஒட்டி, ஒரு வாய் மேலேயும் ஒரு வாய் கீழேயும் இருக்க நிறுத்தினால் அதுதான் உருவம். இரண்டு செம்புக்கும் இடையே உள்வழி கிடையாது. ஒவ்வொரு துணையலகின் வாலிலும் உள்ள 23 அமினோ அமிலங்கள் நடுவில் குவிந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கு ஒரு மூடி உண்டு: க்ரோஈஎஸ். சுமார் 10 கிலோடால்டன் எடையுள்ள ஏழு துணையலகுகள் சேர்ந்த குடை போன்ற உருவம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நெகிழ்ந்த வளைவு கீழே தொங்குகிறது. இனி க்ரோஈஎல்லைச் செம்பு என்றும் க்ரோஈஎஸ்ஸை மூடி என்றும் சொல்வோம்.

ஒவ்வொரு துணையலகிலும் மூன்று பகுதிகள். அடிப்பகுதியில் ட்ரைபாஸ்பேட் உட்காரும் குழி இருக்கிறது. வாய்ப்பகுதி அவிழ்ந்த புரதத்தைப் பிடிக்கிறது, மூடியைப் பிடிப்பதும் அதுதான். இடைப்பகுதி இரண்டுக்கும் நடுவே கீல். அடியில் நடப்பதை வாய்க்குக் கொண்டுபோவது இந்தக் கீல்தான்.

சுழற்சி, ஒவ்வொரு படியாக

1. பிடித்தல். திறந்திருக்கும் வளையத்தின் வாயில், உள்பக்கம் பார்த்தபடி நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. லூசின் 234, லூசின் 237, வேலின் 264 போன்றவை (எண், வரிசையில் அந்த அமினோ அமிலத்தின் இடம்). அவை இருப்பது வாய்ப்பகுதியின் இரண்டு சுருள்களில். பாதி மடிந்த புரதம் வந்ததும் அதன் நீர்வெறுக்கும் பகுதிகள் இவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. பழக்காத தோசைக்கல்லில் மாவு பிடிப்பதுபோல. ஒரு துணையலகு மட்டும் பிடிப்பதில்லை, பல கைகள் ஒரே புரதத்தைப் பிடிக்கின்றன. பிடிபட்ட புரதம் திரளாது. மடியவும் மடியாது.

2. ட்ரைபாஸ்பேட் உட்காருதல். ஒரே வளையத்தில் ஏழு குழிகளிலும் கிட்டத்தட்ட ஒருசேர ட்ரைபாஸ்பேட் ஏறும். ஒன்று உட்கார்ந்தால் பக்கத்துக் குழிக்கு ஆர்வம் கூடும், ஆனால் எதிர் வளையத்துக்குக் குறையும். ஒரு நேரத்தில் ஒரு செம்பு முன்னே ஓட இந்த எதிர்ப்புதான் ஏற்பாடு. குழி நிறைந்ததும் இடைப்பகுதி சுமார் 25 டிகிரி கீழே சாய்ந்து குழியை மூடுகிறது. அதில் இருக்கும் அஸ்பார்டேட் 398 ட்ரைபாஸ்பேட்டின் அருகே வந்து நிற்கிறது. வாய்ப்பகுதி எழத் தொடங்குகிறது.

3. மூடி விழுதல். பாதி எழுந்த வாயைத் தேடி மூடியின் நெகிழ்ந்த வளைவுகள் வருகின்றன. அவை வந்து அமர்வது, புரதம் ஒட்டியிருந்த அதே இரண்டு சுருள்களில். இதை நிதானமாகப் படியுங்கள், மொத்தச் சங்கதியும் இங்கேதான் இருக்கிறது. வாய்ப்பகுதி மொத்தம் 60 டிகிரி மேலே எழுந்து, ஏறத்தாழ 90 டிகிரி திருகிக்கொள்கிறது. ஒட்டும் முகம் புரதத்தை விட்டுத் திரும்பி மேலே மூடியைப் பிடிக்கிறது. புரதத்துக்கு எதிரே இப்போது வருவது நீர்விரும்பும், மின்னேற்றம் உள்ள முகம். அந்த அறையின் சுவரில் நிகர எதிர்மின்னேற்றம் 42. அறையின் கொள்ளளவு 85,000 கன ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1,75,000க்கு, அதாவது இரண்டு மடங்குக்கு மேல், விரிகிறது. புரதம் சுவரை விட்டு உள்ளே விழுகிறது. மூடிய நிலையின் படிக உருவத்தை ஸூ, ஹார்விச், சிக்லர் மூவரும் 1997இல் வெளியிட்டார்கள். திறந்த செம்பின் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே புரதமா என்று சந்தேகம் வரும்.

4. தனியறை. உள்ளே ஒரே ஒரு புரதம். திரள்வதற்குத் துணை இல்லை. ட்ரைபாஸ்பேட் உடைய ஏறத்தாழ 10 நொடி ஆகும். அதுதான் கடிகாரம். அஸ்பார்டேட் 398ஐ அலனினாக மாற்றினால் ட்ரைபாஸ்பேட் உட்காரும், மூடி விழும், புரதம் உள்ளே மடியவும் செய்யும், ஆனால் உடைப்பு நூற்றுக்கு இரண்டு பங்காகக் குறைந்துவிடும். அதிலிருந்து தெரிவது: உருமாற்றத்தைத் தருவது ட்ரைபாஸ்பேட் *உட்காருவது*. அது *உடைவது* சுழற்சியை முன்னே தள்ளுவதற்கு. தேர்வில் இதைத் தலைகீழாக எழுதுபவர்களே அதிகம்.

5. திறத்தல். மேல் வளையத்தில் உடைப்பு முடிந்தபின் எதிர் வளையத்தில் ட்ரைபாஸ்பேட் ஏறுகிறது. அந்த அதிர்ச்சியில் இங்கே மூடி கழன்று, டைபாஸ்பேட்டும் புரதமும் வெளியேறுகின்றன. ஒற்றை வளையம் மட்டுமே உள்ள மாற்றுருவில் மூடி போகாமல் அப்படியே நிற்கும், உதைத்துத் தள்ள எதிர்ப்பக்கம் ஆளில்லாததால்.

6. மறுபடியும். வெளியே வந்த புரதம் மடிந்திருந்தால் சரி. இல்லாவிட்டால் மீண்டும் ஏதோ ஒரு செம்பில் ஒட்டும். பிடிவாதமான புரதங்களில் ஒரு சுற்றில் சிறு பங்குதான் தேறும். ஆகவே பல சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு ட்ரைபாஸ்பேட்.

அறை வெறும் காவல்தானா, அல்லது நெருக்கிப் பிடித்து மடிப்பை வேகப்படுத்துகிறதா, அல்லது தவறாக மடிந்ததை இழுத்து அவிழ்த்துவிடுவதுதான் முக்கியமா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. இரண்டு செம்புக்கும் ஒரே நேரத்தில் மூடி இருக்கும் நிலை எவ்வளவு முக்கியம் என்பதும் அப்படியே. புரதத்துக்குப் புரதம் பதில் மாறலாம் என்பது எங்கள் எண்ணம். தொடக்கத்தில் எந்தக் கட்சியிலும் சேராமல் படிப்பது நல்லது. சுமார் 60 கிலோடால்டனுக்கு மேற்பட்டவை அறைக்குள் அடங்குவதில்லை என்பதில் மட்டும் சண்டை இல்லை.

மற்ற இரண்டு பேர், சுருக்கமாக

எச்எஸ்பி70 செம்பு அல்ல, துணி காயப்போடும் கிளிப். ஒரு முனையில் ட்ரைபாஸ்பேட் குழி, மறுமுனையில் புரதத்தின் சிறு துண்டைப் பிடிக்கும் பள்ளம், அதன் மேல் ஒரு இமை. ட்ரைபாஸ்பேட் இருக்கும்போது இமை திறந்து கிடக்கும், புரதம் வரும் போகும். உடைந்து டைபாஸ்பேட் ஆனதும் இமை மூடிக் கெட்டியாகப் பிடிக்கும். தனியே விட்டால் உடைப்பு மிக மெதுவாக நடக்கும். ஜே-புரதங்கள் (எச்எஸ்பி40) புரதத்தையும் கொண்டுவந்து கொடுத்து, உடைப்பையும் பல மடங்கு முடுக்குகின்றன. பாக்டீரியாவில் க்ர்ப்பி-ஈ என்ற புரதம் டைபாஸ்பேட்டைக் கழற்றிவிட, இமை மறுபடி திறக்கிறது. செம்பில் ட்ரைபாஸ்பேட் ஏறினால் புரதம் அடைபடும், கிளிப்பில் ஏறினால் விடுபடும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கிளிப்புக்குத் தனி மவுசு. மலேரியா கிருமியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் கொசுவின் உடல் சூட்டிலிருந்து மனிதனின் 37 டிகிரிக்கும், காய்ச்சலில் 40க்கு மேலும் தாவுகிறது. அதன் எச்எஸ்பி70 இல்லாமல் அது தாக்குப்பிடிக்காது. லிம்போபோ, புமலாங்கா, குவாசூலு-நட்டாலின் வடக்கு மூலை மூன்றிலும் மலேரியா இருக்கும் நாட்டில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மக்காண்டாவில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகமும் வெண்டா பல்கலைக்கழகமும் இதில் நெடுநாள் வேலை செய்திருக்கின்றன.

எச்எஸ்பி90 ஒரு இடுக்கி. இரண்டு கால்கள் கீழே சேர்ந்து ஆங்கில வீ எழுத்துபோல் நிற்கும். ட்ரைபாஸ்பேட் ஏறினால் மேல் நுனிகளும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஏறத்தாழ மடிந்து முடிந்த புரதங்கள்தான் அதனிடம் வரும். ஜெல்டனமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பொருள் அந்த ட்ரைபாஸ்பேட் குழியிலேயே உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது.

செய்முறை: ஏழு குழாய்கள்

சோதனைப் புரதம், பன்றி இதயத்தின் மைட்டோகாண்ட்ரியா மாலேட் டிஹைட்ரஜனேஸ். இனி எம்டிஎச். துணையலகு சுமார் 33 கிலோடால்டன், இரண்டு சேர்ந்தால்தான் வேலை செய்யும். வாங்கும்போது மைட்டோகாண்ட்ரியா வகையா என்று பார்த்து வாங்குங்கள். சைட்டோபிளாச வகை வேறு. பல தயாரிப்புகள் அம்மோனியம் சல்ஃபேட்டில் மிதக்கும் வண்டலாக வரும். அதை அப்படியே எடுக்கக் கூடாது. சுழற்றி இறக்கி, பஃபரில் கரைத்து, உப்பு நீக்கும் சிறு பத்தியில் ஓட்டி எடுங்கள்.

*மடிப்புப் பஃபர்:* டிரிஸ் 50 மில்லிமோலார், பிஎச் 7.5, பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலார், மெக்னீசியம் குளோரைடு 10 மில்லிமோலார், டைதயோதிரைட்டால் 2 மில்லிமோலார் (அன்றைக்கன்று சேர்க்க). பொட்டாசியத்துக்குப் பதில் சோடியம் போட்டால் செம்பு ட்ரைபாஸ்பேட்டை உடைக்காது. "எல்லாம் சரியாகப் போட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை" என்பவர்களின் பஃபர் புட்டியை முதலில் பாருங்கள். பிஎச்சைப் பரிசோதனை நடக்கும் சூட்டிலேயே சரிசெய்யுங்கள். டிரிஸ் ஐஸில் வைத்தால் அரை அலகுக்கு மேல் ஏறிவிடும்.

*செம்பும் மூடியும்:* குழாயில் செம்பு 1 மைக்ரோமோலார், மூடி 2 மைக்ரோமோலார். இந்த அளவு முழுச் செம்புக்கு, துணையலகுக்கு அல்ல. 1 மைக்ரோமோலார் செம்பு என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 0.8 மில்லிகிராம். 2 மைக்ரோமோலார் மூடி என்றால் ஏறத்தாழ 0.15 மில்லிகிராம். துணையலகுக் கணக்கில் போட்டுவிட்டால் செம்பு பதினாலில் ஒரு பங்காகிவிடும். இரண்டிலும் டிரிப்டோபேன் கிடையாது, அதனால் 280 நானோமீட்டரில் மிகக் குறைவாகவே காட்டும். பிராட்ஃபோர்டு முறையில் அளந்துகொள்ளுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. உங்கள் செம்பில் டிரிப்டோபேன் ஒளிர்வு தெரிந்தால், ஈ. கோலையின் வேறு புரதம் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். ஆள் இருக்கும் அறையில் எம்டிஎச்சுக்கு இடம் கிடைக்காது.

*குவானிடின் ஹைட்ரோகுளோரைடு:* புரதத்தை அவிழ்ப்பது இதுதான். 3 மோலார். டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் இந்தத் தூள் ஈரம் குடித்துவிடும். தராசு காட்டும் எடையை நம்பிக் கரைத்தால் 2.6, 2.7 என்று நிற்கும், புரதம் அரைகுறையாக அவிழும். ஒளிவிலகல் எண்ணைப் பார்ப்பதே உறுதி. டொங்காட், ஸ்டேங்கர் பக்கத்துக் கரும்புத் தொழிலில் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரின் இனம்தான், ஆனால் ஒளிவிலகல் எண்ணை நாலு தசமம்வரை நேராகக் காட்டும் கருவி வேண்டும். கரைசலின் எண்ணிலிருந்து வெறும் பஃபரின் எண்ணைக் கழியுங்கள். அந்த வேறுபாட்டை 57.147ஆல் பெருக்கி, அதன் வர்க்கத்தை 38.68ஆல் பெருக்கிக் கூட்டி, கனத்தை 91.60ஆல் பெருக்கிக் கழித்தால் மோலார் வரும். 3 மோலாருக்கு வேறுபாடு சுமார் 0.051.

*ட்ரைபாஸ்பேட்:* 100 மில்லிமோலார் இருப்பு. சோடியம் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் புளிப்பாக, பிஎச் 3 பக்கத்தில் இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் 7க்குக் கொண்டுவந்து, சிறு பங்குகளாக உறையவைக்கவும்.

எவ்வளவு ட்ரைபாஸ்பேட் போதும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செம்பு 10 நொடிக்கு 7 எடுக்கிறது. 1 மைக்ரோமோலார் செம்பு 10 நொடிக்கு 7 மைக்ரோமோலார், நிமிடத்துக்கு 42, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2,500 மைக்ரோமோலார். 2 மில்லிமோலார் போட்டால் பரிசோதனை முடியுமுன்பே தீர்ந்துவிடும், வரைபடம் நடுவில் தட்டையாகும், அதை "மடிப்பு முடிந்தது" என்று தவறாகப் படிப்பீர்கள். 5 மில்லிமோலார் போடுங்கள். டைபாஸ்பேட் சேர்ந்து தடுக்காமலிருக்க கிரியேட்டின் பாஸ்பேட் 10 மில்லிமோலாரும் கொஞ்சம் கிரியேட்டின் கைனேஸும் சேருங்கள். பைருவேட் கைனேஸ் முறை வேண்டாம். எம்டிஎச் மடிந்ததா என்று நாம் பார்ப்பதே, அது என்ஏடிஎச்சைச் செலவழிக்கும் வேகத்தை வைத்துத்தான். அதில் பைருவேட் உண்டாகும், எம்டிஎச் தயாரிப்பில் துளி லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் கலந்திருந்தால் அதுவும் என்ஏடிஎச்சைத் தின்னும், உங்களுக்கு இல்லாத மடிப்பு தெரியும்.

*அவிழ்த்தல்:* 50 மைக்ரோமோலார் எம்டிஎச் (1.65 மில்லிகிராம்/மில்லிலிட்டர்), 3 மோலார் குவானிடின், 10 மில்லிமோலார் டைதயோதிரைட்டால், 25 டிகிரியில் ஒரு மணி நேரம். 50 மைக்ரோலிட்டர் போதும்.

ஒவ்வொரு குழாயும் 500 மைக்ரோலிட்டர், 30 டிகிரி:

1. அவிழாத எம்டிஎச், மடிப்புப் பஃபர், 30 மில்லிமோலார் குவானிடின். இதுதான் நூற்றுக்கு நூறு.
2. அவிழ்ந்த எம்டிஎச், பஃபர் மட்டும்.
3. அவிழ்ந்தது, செம்புக்குப் பதில் அதே எடையில் மாட்டு சீரம் அல்புமின்.
4. அவிழ்ந்தது, செம்பு மட்டும்.
5. அவிழ்ந்தது, செம்பு, ட்ரைபாஸ்பேட். மூடி இல்லை.
6. அவிழ்ந்தது, செம்பு, மூடி, டைபாஸ்பேட்.
7. எல்லாமும்: செம்பு, மூடி, ட்ரைபாஸ்பேட், கிரியேட்டின் ஏற்பாடு.

ஆறாம் குழாயில் கிரியேட்டின் ஏற்பாட்டைப் போட்டுவிடாதீர்கள். போட்டால் டைபாஸ்பேட் அங்கேயே ட்ரைபாஸ்பேட்டாகி, ஆறாம் குழாய் ஏழாம் குழாயாகிவிடும். கடையில் வாங்கும் டைபாஸ்பேட்டிலும் சிறிது ட்ரைபாஸ்பேட் கலந்தே வரும். முன்கூட்டியே குளுக்கோஸும் ஹெக்சோகைனேஸும் சேர்த்து அதை எரித்துவிடுங்கள்.

சேர்க்கும் வரிசை முக்கியம். பஃபரும் செம்பும் இருக்கும் குழாயை மெதுவாகக் கலக்கிக்கொண்டே அவிழ்ந்த எம்டிஎச் 5 மைக்ரோலிட்டரை ஒரு மைக்ரோலிட்டர் ஒரு மைக்ரோலிட்டராக ஐந்து தடவையில் விடுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் பிப்பெட் நுனியில் புரதம் குவிந்து, செம்பைச் சந்திக்குமுன்பே திரண்டுவிடும். இப்போது எம்டிஎச் 0.5 மைக்ரோமோலார், குவானிடின் 30 மில்லிமோலார். குவானிடின் இதைவிடக் கூடினால் செம்பிலிருந்து மூடி கழன்றுகொள்ளும். ஐந்து நிமிடம் கழித்து மூடியை (க்ரோஈஎஸ்) விடுங்கள், கடைசியில் ட்ரைபாஸ்பேட். ட்ரைபாஸ்பேட் விழுந்த நொடிதான் பூஜ்ஜியம்.

0, 2, 5, 10, 20, 30, 45, 60 நிமிடங்களில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, 20 மில்லிமோலார் ஈடிடிஏ கலந்த 40 மைக்ரோலிட்டர் பஃபரில் விடுங்கள். ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பிடுங்குவதால் சுழற்சி நிற்கும். அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் அளவீட்டுக் கலவையில் போட்டு ஐந்து நிமிடத்துக்குள் அளந்துவிடுங்கள்.

*அளவீட்டுக் கலவை:* டிரிஸ் 50 மில்லிமோலார் பிஎச் 7.5, என்ஏடிஎச் 0.2 மில்லிமோலார், ஆக்சலோஅசிடேட் 0.5 மில்லிமோலார், அல்புமின் 0.1 மில்லிகிராம்/மில்லிலிட்டர். ஆக்சலோஅசிடேட்டை அன்று காலை கரைத்து, பிஎச் சரிசெய்து, ஐஸில் வையுங்கள். நேற்றைய கரைசலில் பாதி பைருவேட்டாக மாறியிருக்கும். என்ஏடிஎச் புளிப்பில் கெடும், வெளிச்சத்திலும் கெடும். 340 நானோமீட்டரில் தொடக்க ஒளி உறிஞ்சல் சுமார் 1.24 இருக்க வேண்டும் (6,220 × 0.0002). 1.0க்குக் கீழே இருந்தால் புதிதாகக் கரையுங்கள்.

குவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு பெட்டி) இப்போது எம்டிஎச் 1 நானோமோலார். முதல் குழாயில் நிமிடத்துக்கு 0.2 அளவில் இறக்கம் தெரியும், தயாரிப்பைப் பொறுத்துக் கூடும் குறையும். நீர்க்காமல் நேரே 10 மைக்ரோலிட்டரைப் போட்டால் ஒரு நிமிடம் சொச்சத்தில் என்ஏடிஎச் தீர்ந்துவிடும், சாய்வை அளக்கவே முடியாது. முதல் 30 நொடிச் சாய்வை மட்டும் எடுங்கள். உதாரணத்துக்கு, முதல் குழாய் 0.20, ஏழாம் குழாய் 60ஆம் நிமிடத்தில் 0.13 என்றால் மீட்பு 65 விழுக்காடு.

மின்வெட்டு அட்டவணை நடப்பில் இருக்கும் நாள்களில் ஒரு மணி நேர ஓட்டத்தை வெட்டுக்கு முன்னால் திணிக்கப் பார்க்காதீர்கள். மின்சாரம் வந்த பிறகும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் விளக்கு நிலைக்கு வர அரை மணி கொடுங்கள். −80 பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். செம்பையும் மூடியையும் சிறு பங்குகளாக உறையவைத்திருந்தால் ஒரு பங்கு போனாலும் மிச்சம் பிழைக்கும். உருக்கியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம்.

குழாய்கள் சொல்வதைப் படித்தல்

இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் கிடக்க வேண்டும். இரண்டாவதில் கணிசமான மீட்பு வந்தால் எம்டிஎச் தானாகவே மடிகிறது, சாப்பரோனுக்கு அங்கே வேலையில்லை. சூட்டை 37க்கு ஏற்றுங்கள். மூன்றாவது மட்டும் ஏறினால், எம்டிஎச் குழாய்ச் சுவரில் ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது, அல்புமின் அதைத் தடுத்திருக்கிறது. புரதம் ஒட்டாத வகைக் குழாய்க்கு மாறுங்கள்.

நான்காவதுதான் பார்க்க அழகானது. செயல்பாடு பூஜ்ஜியம், இரண்டாவது குழாய் போலவே. ஆனால் 360 நானோமீட்டரில் கலங்கலைப் பாருங்கள். இரண்டாவது கலங்கியிருக்கும், நான்காவது தெளிவாக இருக்கும். ஒன்றில் புரதம் திரண்டு போய்விட்டது, மற்றதில் ஒட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 30ஆம் நிமிடத்தில் இரண்டிலிருந்தும் 100 மைக்ரோலிட்டர் பிரித்து, இரண்டாவதுக்குச் செம்பு, மூடி, ட்ரைபாஸ்பேட் மூன்றையும், நான்காவதுக்கு மூடியும் ட்ரைபாஸ்பேட்டும் கொடுங்கள். நான்காவது ஏறும். இரண்டாவது பெரும்பாலும் ஏறாது, முற்றிய திரளைச் செம்பால் பிரிக்க முடியாது. நான்காவதும் ஏறாவிட்டால் கோளாறு மூடியிலோ ட்ரைபாஸ்பேட்டிலோதான், பிடித்தல் நன்றாகவே நடந்திருக்கிறது.

ஐந்தாவதில் சுவர் விடுகிறது, ஆனால் அறை அடைபடவில்லை. புரதம் திறந்த வெளியில் விழுகிறது, மீட்பு ஏழாவதைவிட நன்றாகக் குறைய வேண்டும். ஆறாவதில் மூடி வந்து உட்கார்ந்தும் மடிப்பு நடக்காது. மூடி விழுவது மட்டும் போதாது, ட்ரைபாஸ்பேட்டின் வலுவில் அந்த எழுச்சியும் திருகலும் நடந்தால்தான் பிடிவாதமான புரதம் சுவரைவிட்டுக் கழலும். ஆறாவது கொஞ்சம் ஏறியிருந்தால் ஹெக்சோகைனேஸ் சேர்த்தீர்களா என்று குறிப்பேட்டைப் பாருங்கள்.

ஏழாவது அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் தட்டையாக வேண்டும். தொடக்கத்தில் வேகமாக ஏறி நடுவிலேயே நின்றால் ட்ரைபாஸ்பேட் தீர்ந்திருக்கலாம். இன்னும் 5 மில்லிமோலார் விட்டுப் பாருங்கள், மறுபடி ஏறினால் அதுவே விடை. விடுமுன் மெக்னீசியத்தையும் அதே அளவு கூட்டுங்கள், இல்லாவிட்டால் ட்ரைபாஸ்பேட்டே மெக்னீசியத்தை முழுதும் பிடித்துக்கொள்ளும். தொடக்கம் முதலே மெதுவாக ஏறி 20 விழுக்காட்டில் நின்றால் மூடி குறைவு, அல்லது செம்பில் பழைய ஆள் குடியிருக்கிறான்.

முடிந்தபின் குவானிடின் மிச்சத்தைத் தனிப் புட்டியில் சேருங்கள். மேசையைத் துடைக்க ஜிக் (ப்ளீச்) ஊற்றும் பழக்கம் இருந்தால் இந்த ஒரு நாள் வேண்டாம். குவானிடினும் ப்ளீச்சும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.